படங்களை மேற்கோள் காட்டுமாறு

பாட்டையும் சூத்திரத்தையும் மேற்கோள் காட்டும்பொழுது நம் மாணவர் ஓரளவு விழிப்பாயிருக்கின்றனர். இன்னார் கூற்று, இன்ன நூல், இன்ன அதிகாரம் என்றெழுதும் பழக்கம் அவர்க்கு இளமையிலேயே படிந்துவிடுகின்றது. படமென்று வரும்போதோ அவ்விழிப்பு முற்றும் நீங்கிவிடுகின்றது. ஒப்படையில் ஒரு கோயிலின் படத்தை ஒட்டி, அதன்கீழ்ச் 'சிவன் கோயில்' என்று வண்ணமையால் எழுதி, சுற்றிலும் பூங்கொடி வரைந்துவிட்டால் வேலை முடிந்ததென்று கருதுகின்றனர். எந்தச் சிவன் கோயில்? எவர் எடுத்த படம்? எப்பொழுது எடுத்தது? எந்நூலிலிருந்து வெட்டியது? இவற்றுள் ஒன்றற்கும் விடையில்லை. மாணவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. ஆசிரியராகிய நாமும், நம் பாடசாலை மலர்களும், கும்பாபிடேக மலர்களும் இப்பிழையையே ஆண்டுதோறும் செய்து வருகின்றோம்.

சான்றின் பெயர் கூறுதல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுவழக்கமென்று எண்ணுவார் உளர். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், தாம் எடுத்தாண்ட இசைநாடக நூல்களின் பெயர்களை உரைப்பாயிரத்திற் கூறியுள்ளார். அவற்றுட் பல பின்னாளில் மறைந்தொழிந்தன. எனினும் அப்பெயர்களை அவர் குறித்தமையாலன்றோ அந்நூல்கள் இருந்தமையையாவது நாம் அறிகின்றோம். அவற்றுள் ஒன்றாகிய பஞ்சமரபு ஏட்டிலிருந்து எடுக்கப்பெற்று 1970களில் அச்சேறியபொழுது, இஃது அந்நூலே என்று அறிஞர் கண்டுகொள்வதற்கு அவ்வுரைக்குறிப்பே துணைசெய்தது. பெயர் குறியாது சென்ற மேற்கோள்களின் மூலத்தைத் தேடிப் பதிப்பாசிரியராகிய உ. வே. சாமிநாதையர் பட்டபாடு, அவர் பதிப்புக்களைப் பார்த்தார்க்குத் தெரியும். இவ்வொழுக்கத்தைச் சொல்லினின்று உருவத்திற்கும் விரித்துக்கொள்ளவேண்டும் என்பதே யாம் இங்கே கூறவந்தது.

இதனைக் கூறுதற்கு எமக்கு உரிமை தந்தது எமது பிழையே. ஆதலின் அதனை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், படுவான்கரையில் யாம் கற்பித்த பாடசாலையில் நவராத்திரியை யொட்டி ஒரு கண்காட்சி நடந்தது. பழைய ஆங்கில நூலொன்றிலிருந்து ஒரு படத்தைப் பெருப்பித்துப் பலகையில் ஒட்டினோம். நின்ற கோலத்துப் பெண்ணுரு. உயர்ந்த முடி. இடைக்கு மேல் ஆடையில்லை. வலக்கை வரமளிக்கும் பாவனையிற் றாழ்ந்திருக்க, இடக்கை எதனையோ பற்றியிருந்து அதனை இழந்ததுபோல் நிற்கும். அந்நூலில் அதன்கீழ்ப் 'பத்தினித் தேவி' என்றிருந்தது. கிழக்கிலங்கையிற் கிடைத்து இலண்டனில் உள்ளதென்று வேறோரிடத்திற் படித்த நினைவும் எமக்கு உண்டு. இரண்டையும் சேர்த்து, 'மட்டக்களப்பிற் கிடைத்த கண்ணகியம்மன் திருவுருவம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினோம். எவரும் ஐயுறவில்லை. ஐயுறுவது எங்ஙனம்? தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று வாவிக்கரை யூர்தோறும் வைகாசியிற் கதவு திறந்து கண்ணகிக்குச் சடங்கு செய்யும் நாடு இது. அம்மன் எம்மூர்க்குரியவள், அவள் உரு இலண்டன்வரை சென்றிருக்கின்றது என்பது கேட்க இனிதாயிருந்தது. இனிதாயிருந்தமையே எம்மை ஏமாற்றிற்று.

மறு ஆண்டில் எம் மாணவி ஒருத்தி ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதினாள். அப்படத்தையும் அவ்வாசகத்தையும் அப்படியே சேர்த்திருந்தாள். தாள் திரும்பிவந்தபொழுது அவ்வாசகத்தின் அருகே சிவப்புமையில் ஒரே சொல் இருந்தது: 'ஆதாரம்?' அவள் அத்தாளை எம்மிடம் கொணர்ந்து, "சேர், உங்கட பலகையில அப்படித்தானே எழுதியிருந்தது?" என்றாள். குறைகூறும் குரலன்று, உண்மையாகவே விளங்காத குரல். எமக்கு விடைகூற இயலவில்லை. யாம் பயின்ற மிஷன் பாடசாலையில் வரலாறு கற்பித்த முதியவர் ஒருவர், படத்தின்கீழ் அது வந்த நூலும் பக்கமும் இல்லையேல் அப்பக்கத்தைத் திருத்தாமலே திருப்பித் தந்துவிடுவார். அப்பழக்கத்தை அங்கேயே விட்டு வந்திருந்தோம் என்பது அன்றுதான் உறைத்தது.

பின்னர்த் தேடியதிற் றெரிந்தவை இவை. அவ்வுருவம் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. பொன்முலாம் பூசிய வெண்கலம். உயரம் 143 சதமமீற்றர். 1812 முதல் 1820 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் இராபர்ட் பிரவுன்றிக் என்பார் 1830இல் அதனை நூதனசாலைக்கு அளித்தார். அதன் பதிவெண் 1830,0612.4. இவ்வெண்ணை எம் மாணவர்க்குக் காட்டும்பொழுதெல்லாம் அவர்கள் வியப்புறுகின்றனர். ஏனெனின் அஃது ஒரு சிறு வரலாறு. 1830ஆம் ஆண்டு, ஆறாம் மாதம், பன்னிரண்டாம் நாட் பதிவில் நான்காம் பொருள் என்பது அதன் பொருள். பெயர் மாறலாம், காலக்கணிப்பு மாறலாம். அவ்வெண் அப்பொருளை விட்டு நீங்குவதில்லை.

பெயர் மாறியே விட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து நூல்களிற் பத்தினித் தேவி என்று அச்சான அவ்வுருவத்தை, இன்று அறிஞரும் நூதனசாலையாரும் மகாயான பௌத்தத்திற் போற்றப்படும் தாரை யென்றே கொள்கின்றனர். தாரை அவலோகிதேசுவரருக்குத் துணையாகிய தேவி. காலத்தைப் பற்றியும் ஒரு சொல். எட்டாம் நூற்றாண்டென்று குறிப்பதுண்டு. நூதனசாலையார் நூறு பொருள்களால் உலக வரலாறு கூறி 2010இல் வெளியிட்ட நூலில் 700க்கும் 900க்கும் இடைப்பட்டதென்று விரித்துக் குறித்துள்ளனர். இவற்றுள் ஒன்றை எடுத்து எழுதுவோர், யார் கூறிய காலம் என்பதையும் எழுதுதல் வேண்டும்.

இனி, 'மட்டக்களப்பிற் கிடைத்தது' என்று யாம் எழுதியது. நூதனசாலைக் குறிப்புக் கூறுவது, கிழக்குக் கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்டது என்பதே. அது நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட கரை. 1815இற் கண்டியரசு வீழ்ந்தபின் அங்கிருந்து ஆங்கிலர் கைக்கு வந்ததென்று எழுதுவாரும் உளர். அகழ்ந்தெடுத்தார் எழுதிவைத்த குறிப்புடன் வந்த பொருளன்று அது. ஆகவே எம் ஒற்றை வரியில் மூன்று பிழைகள் இருந்தன: தேவியின் பெயர் பிழை, இடத்தைச் சுருக்கியது பிழை, ஐயத்திற்கிடமானதைத் துணிபாகக் கூறியது பிழை. பழைய நூலின் பெயரையும் ஆண்டையும் கீழே எழுதியிருந்தால், பார்த்தவர் 'நூறாண்டுக்கு முந்திய நூலாயிற்றே, இன்று என்ன கூறுகின்றனர்?' என்றாவது கேட்டிருப்பர். மூலம் எழுதாமையால் அக்கேள்வி பிறக்கவும் யாம் இடங்கொடுக்கவில்லை.

சைவர்க்கு உரியதென்று எண்ணிய ஒன்றைப் பௌத்தர்க்கு விட்டுக்கொடுக்கின்றீரே என்று நண்பர் ஒருவர் எம்மைக் கடிந்தார். யாம் கொடுத்தது ஒன்றுமில்லை. அஃது எம்மிடம் இருந்ததுமில்லை. கண்ணகி வழிபாட்டின் தொன்மைக்குச் சான்று வேண்டின், ஊர்கள் தோறும் பாடப்படும் வழக்குரையும், சடங்கு முறைகளும், கோயில்களும் கண்முன் உள. பிறர் பொருளைக் கொண்டு நிறுவவேண்டிய வறுமை அம்மனுக்கு இல்லை.

இவ்வொன்றை எடுத்து விரித்ததன் காரணம், படத்தை மேற்கோள் காட்டுவதில் மாணவர் மயங்கும் இடம் இதிலே தெளிவாகத் தோன்றுதலே. படம் என்று நாம் கூறுவது உண்மையில் ஒன்றன்று. முதலாவது பொருள்: சிற்பமோ ஓவியமோ கட்டடமோ. அதற்கு ஆக்கியோன், பெயர், காலம், செய்பொருள், அளவு, இருப்பிடம் உண்டு. அடுத்தது அப்பொருளை ஒருவர் எடுத்த நிழற்படம் அல்லது வரைந்த பிரதி. அதற்கும் தனியாக ஓர் ஆக்கியோனும் ஒரு நாளும் உண்டு. கடைசியாக, நமக்கு அந்நிழற்படம் எதில் வந்து கிடைத்ததோ அந்நூல், இதழ், இணையப்பக்கம். ஒரு பாட்டிற்கு ஆக்கியோன், பதிப்பாசிரியர், பக்கம் என்பன போல இவை. 'இணையத்திலிருந்து பெறப்பட்டது' என்றெழுதுவது, ஒரு பாட்டிற்கு 'அச்சுப் புத்தகத்திற் கண்டது' என்று சான்று கூறுவதை ஒக்கும். தேடுபொறியின் பெயரை எழுதுவதும் அத்தகையதே. பேருந்திற் சென்று நூல் வாங்கியவர் பேருந்தை மேற்கோள் காட்டுவதில்லை.

நிழற்படத்தின் நாள் எதற்கு என்று கேட்பர். சிகிரியாக் குன்றின் ஓவியங்களை எண்ணுக. அவை ஐந்தாம் நூற்றாண்டின. 1967இல் தீயோர் சிலர் மைபூசிச் சிதைத்தமையாற் சில உருவங்கள் கெட்டுப் பின் செப்பனிடப்பட்டன. 1896–97இல் டி. ஏ. எல். பெரேரா என்பார் அவற்றைப் பார்த்தெழுதிய பிரதிகள் உள. ஒரு மாணவன் தன் கட்டுரையில் அவ்வோவியத்தின் நிறத்தையோ கோட்டையோ பற்றி ஏதேனும் கூறுவானாயின், அவன் பார்த்தது பெரேராவின் பிரதியா, 1967க்கு முந்திய நிழற்படமா, பிந்தியதா என்பது தெரியாமல் அவன் கூற்றை எவ்வாறு மதிப்பது?

சைவ பாட ஆசிரியர்க்கு மிகவும் பயன்படுவன பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகள். 1907, 1908ஆம் ஆண்டுகளில், எச். சி. பி. பெல் தொல்பொருள் ஆணையாளராயிருந்த காலத்தில், அங்குள்ள சிவாலயங்களிற் கிடைத்தவை அவை. நடராசர், அம்மை, நால்வர் முதலிய அடியார் திருவுருவங்கள் அவற்றுள் அடங்கும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914இற் கொழும்பு நூதனசாலை வெளியீடாக அவற்றை விரித்தெழுதினார். 1917இற் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவற்றையும் சிவவழிபாட்டின் உட்பொருளையும் பற்றி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் எழுதினார். 1960இல் மேலும் பல திருமேனிகள் அவ்வூரிலேயே கிடைத்தன. ஆகவே 'பொலன்னறுவை நடராசர்' என்று மட்டும் எழுதினால் எந்த நடராசர் என்பது விளங்காது. அங்கே கிடைத்த நடராசர் ஒருவரல்லர். எந்த ஆலயம், எந்த ஆண்டு, எந்த நூதனசாலை, அங்கே என்ன எண் என்பவற்றைச் சேர்த்தல் வேண்டும். அன்றியும், அடியார் உருவங்களில் எழுத்துப் பொறித்த பெயரில்லாவிடத்து, இவர் இன்னார் என்பது ஓர் அறிஞரின் முடிபே. 'சுந்தரமூர்த்தி நாயனார்' என்று வெட்டெனக் கூறாது, 'சுந்தரர் எனக் கொள்ளப்படுவது' என்று கூறி, கொண்டவர் பெயரையும் எழுதுக. பத்திக்கு இதனால் ஒரு குறைவுமில்லை.

மற்றொரு வகை உண்டு: ஒருவரும் கண்டிராததன் படம். திருவள்ளுவர் படத்தை அறியாத மாணவன் இல்லை. அவ்வுருவை எழுதியவர் ஓவியர் வேணுகோபால சர்மா. 1964இற் சென்னைச் சட்டமன்றத்திற் றிறந்துவைக்கப் பெற்றபின் அதுவே எங்கும் பரவிற்று. அது வள்ளுவரின் உருவம் அன்று. இருபதாம் நூற்றாண்டு ஓவியர் ஒருவர் மனத்திற் கண்ட உருவம். கீழே ஓவியர் பெயரை எழுதியவுடன் இவ்வேறுபாடு மாணவனுக்குத் தானே விளங்கிவிடுகின்றது. நாம் விரிவுரை செய்ய வேண்டியதில்லை. யாழின் படமும் இத்தகையதே. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியான யாழ்நூலில், வழக்கிறந்துபோன அக்கருவியை நூற்சான்றுகளையும் கணக்கையும் கொண்டு மீட்டு நிறுவ முயன்றார். அம்முயற்சியை அடியொற்றி இன்று வரையும் யாழை 'சங்ககால யாழ்' என்று குறிப்பது அடிகளாருக்கும் நீதியன்று. அவர் உழைப்பை மறைத்துவிடுகின்றது. நூல்வழி மீட்டு வரைந்தது என்று எழுதுதலே முறை.

பறங்கியர், ஒல்லாந்தர் காலத்துச் செதுக்குப் படங்களையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். ஒல்லாந்துத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டு மேமாத முடிவில் மட்டக்களப்பிற் கரையிறங்கினார். பின்னர்க் கண்டி சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். அரசனும் தளபதியும் கைகோத்து நிற்கும் படம் எல்லோரும் அறிந்தது. அது 1605இல் ஒல்லாந்தில் அச்சான பயணநூலிற்குச் செதுக்கியது. அதனை 'மட்டக்களப்பில் ஒல்லாந்தர்' என்ற தலைப்பில் ஒட்டியிருந்த ஒப்படைகளை யாம் கண்டிருக்கின்றோம். சந்திப்பு நடந்தது கண்டியில், செதுக்கியது ஐரோப்பாவில். அரசனின் உடையைப் பற்றி அப்படத்தை வைத்து எழுதுமுன் இதனை எண்ணவேண்டும்.

படத்தின் மூலத்தை எழுதிவிட்டால் அதனை அச்சிட உரிமையும் கிடைத்துவிட்டதென்று நினைப்பார் உளர். இரண்டும் வேறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி, பொதுவாக ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் பதிப்புரிமை நிற்கும். வகுப்பறை ஒப்படைக்கு மூலம் குறித்தல் போதும். மலராக அச்சிட்டு விற்பதாயின் இசைவும் பெறவேண்டும். பிரித்தானிய நூதனசாலை போன்றவை, வாணிகமல்லாத பயனுக்கு இன்ன விதிப்படி எடுத்தாளலாமென்று முன்னரே அறிவித்துள்ளன. அவ்விதியைப் படித்து அவர்கள் வேண்டும் பெயர்க்குறிப்பை இடுதல் கடன்.

நம் கோயில்களிலோ சட்டத்திற்கு மேற்பட்ட ஓர் இசைவு உண்டு. மூலத்தானத்தைப் படமெடுத்தல் பல கோயில்களில் ஆகாது. ஆண்டில் ஒருமுறையே கதவு திறக்கும் கண்ணகி கோயில்களில் இது சொல்லவேண்டியதில்லை. கைபேசி எல்லார் கையிலும் உள்ள இந்நாளில், மறைவாக எடுத்த படங்கள் சுற்றி வருகின்றன. அத்தகைய படத்தை மாணவர் கட்டுரையிற் சேர்க்க விடலாகாது என்பது எம் கருத்து. கோயிலாரைக் கேட்டு, அவர் மறுப்பின் வெளிவீதியின் படத்தை இட்டு, 'உள்ளே படமெடுத்தல் வழக்கமில்லை' என்று ஒரு வரி எழுதுவது மிக நல்ல சான்றுக்குறிப்பாகும். இசைவு தந்தாராயின் 'கோயிற் பரிபாலன சபையாரின் இசைவுடன்' என்பதையும் எடுத்த நாளையும் எழுதுக.

கைபேசியைக் கூறியதனால் மற்றொன்று. 2020இற் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுகளை மேற்பார்க்க ஒரு சனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபொழுது, பழைய கல், இடிந்த மண்டபம், தூண் என்று எத்தனையோ படங்கள் எம் கைபேசிக்கு வந்தன. 'இதோ எம் கோயில்' என்று ஒருவர் அனுப்புவார். எந்தக் கிராமம் என்று கேட்டால் தமக்கு வேறொருவர் அனுப்பியதென்பார். எடுத்தவர் இல்லை, நாள் இல்லை, இடமில்லை. உண்மையாகவே நம் முன்னோர் கோயிலாயிருப்பினும் அப்படத்தை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தின் படியையும் ஏற முடியாது. ஒரு தூணைப் படமெடுக்கும் மாணவன், அதன் அருகே ஓர் அடிமட்டத்தை நிறுத்தி, ஊரின் பெயரையும் நாளையும் அன்றே குறிப்பேட்டில் எழுதுவானாயின், அவன் பிற்காலத்தார்க்கு ஆவணம் ஒன்றை விட்டுச்செல்கின்றான்.

இப்பொழுது கணினியே கேட்டவுடன் படம் தீட்டித் தருகின்றது. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சோழர்காலக் கோயில் என்று கேட்டால் அழகிய கோயிலொன்று தோன்றும், அப்படியொன்று எங்குமில்லை. அதனை ஒப்படையிற் சேர்க்கத்தான் வேண்டுமாயின், செயற்கை நுண்ணறிவுக் கருவி இன்னது, இன்ன நாள், இன்னவாறு கேட்டு ஆக்கியது என்று முழுவதும் எழுதச்செய்க. எழுதி முடித்தபின் பெரும்பாலான மாணவர் அதனைத் தாமே எடுத்துவிடுகின்றனர்.

குறிப்பின் வடிவைப் பற்றி நீளக் கூறவேண்டியதில்லை. அமெரிக்க உளவியற் சங்கத்தார் முறை, சிக்காகோ முறை என்று பல்கலைக்கழகங்களிற் பலவுள. காற்புள்ளி, அரைப்புள்ளி இடும் இடத்தில் அவை மாறுபடுமேயன்றிக் கேட்கும் செய்திகள் ஏறக்குறைய ஒன்றே. பாடசாலை அளவில், படத்திற்கு எண் இட்டு, கட்டுரையினுள் 'படம் 1 காண்க' என்று அவ்வெண்ணைச் சுட்டச் செய்தலே முதற்படி. சுட்டப்படாத படம் அலங்காரமாகும், அதற்கு இடமில்லை. எமது பலகைப் படத்திற்கு யாம் அன்று எழுதியிருக்கவேண்டியது இது:

படம் 1. தாரை (பழைய நூல்களிற் பத்தினித் தேவி). பொன்முலாம் பூசிய வெண்கலம், உயரம் 143 சதமமீற்றர், எட்டாம் நூற்றாண்டளவினது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்ததாக நூதனசாலைக் குறிப்புக் கூறும். பிரித்தானிய நூதனசாலை, இலண்டன், பதிவெண் 1830,0612.4. நிழற்படம்: அந்நூதனசாலை அறங்காவலர்.

இதனோடு, படத்தை எடுத்த நூலின் பெயரும் பக்கமும், அல்லது இணையப்பக்கத்தின் முகவரியும் பார்த்த நாளும் வரும். நீளமாயிருக்கின்றதே என்பர். கட்டுரையின் இறுதியில் படப்பட்டியல் ஒன்றமைத்து நீண்டதை அங்கே வைத்து, படத்தின்கீழ்ப் பெயர், காலம், இருப்பிடம் மட்டும் எழுதலாம். பத்துப் புள்ளியில் இரண்டைப் படக்குறிப்புக்கென்று ஒதுக்கிவைத்தோம். ஒரு தவணைக்குள் மாற்றம் தெரிந்தது.

சிவப்புமைத் தாளுடன் வந்த அம்மாணவி இன்று தானும் ஆசிரியையாய் இருக்கின்றாள். சென்ற ஆண்டு தன் வகுப்புப் பிள்ளை ஒருவனின் ஒப்படைப் பக்கத்தைப் படமெடுத்து எமக்கு அனுப்பியிருந்தாள். வாவிக்கரைக் கோயிலொன்றின் பழைய கறுப்புவெள்ளைப் படம், பின்னால் நெடுந்தென்னைகள். அதன்கீழ்ப் பென்சிலால் இவ்வாறு எழுதியிருந்தது: 'படம் 3. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில். எடுத்தவர் பெயர் தெரியவில்லை. அம்மம்மாவின் பெட்டியில் இருந்தது. 1978 சூறாவளிக்கு முன்பு எடுத்தது என்று அம்மம்மா சொன்னார். படத்திலுள்ள தென்னைகள் சூறாவளியில் விழுந்துவிட்டனவாம்.'